ஒரு வெள்ளைச் சுவரைப் பார்க்க 41,000 ரூபாய்: ஹோர்டன் சமவெளி நடைக்கு பிளான் போடுவது எப்படி?

ஒரு வெள்ளைச் சுவரைப் பார்க்க ஆளுக்கு 41,000 ரூபாய் செலவு பண்ணியிருக்கோம், நானும் என் மூணு நண்பர்களும். ஃப்ளைட், ஹோட்டல், வேன், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து.

இலங்கையின் மலைநாட்டில் ஹோர்டன் சமவெளின்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு. அதுக்குள்ள 'உலக முடிவு'ன்னு பேர் வெச்ச ஒரு பாறை விளிம்பு. அங்கிருந்து கீழே சுமார் 870 மீட்டர் பள்ளம். தேயிலைத் தோட்டம், குட்டிக் குட்டி ஊர்கள், வானம் தெளிவா இருந்தா தூரத்தில் தெற்குக் கடல் கூடத் தெரியும்னு படிச்சுட்டுத்தான் போனோம். நாங்க அந்த விளிம்பில் போய் நின்றபோது மணி காலை 11.20. முன்னாடி, கீழே, மேலே எல்லாம் பனிமூட்டம். வெள்ளை பெயின்ட் அடிச்ச சுவரை ஒரு அடி தூரத்தில் நின்னு பார்த்த மாதிரி இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த அஞ்சு நிமிஷத்தில் நடந்ததுதான் இன்னும் மறக்கலை. அரை மணி நேரம் காத்திருக்கலாமா, கிளம்பலாமான்னு பேசிட்டிருந்தோம். கார்த்தி மட்டும், "இவ்ளோ செலவு பண்ணி வந்துட்டு ஒரு போட்டோகூட இல்லாமப் போறதாடா?"ன்னு போனை நீட்டிக்கிட்டே விளிம்புப் பக்கம் நகர்ந்தான். பனியில் விளிம்பு எங்கே முடியுதுன்னே சரியாத் தெரியலை. அவன் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் பையின் வாரைப் பிடிச்சு இழுத்தான். யாரும் எதுவும் பேசாம அரை கிலோமீட்டர் நடந்தோம்.

2015-ல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் இதே இடத்தில் மனைவியைப் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்துட்டார். நல்ல காலம், கீழே ஒரு மரத்தில் சிக்கி, ராணுவத்தினர் வந்து மீட்டாங்க. செய்தியில் எல்லாம் வந்தது. எனக்கு இது தெரிஞ்சதே ஊருக்குத் திரும்பின பிறகுதான்.

நம்ம சேனல்ல சங்க் காஸ்ட் பத்தி எத்தனை தடவை பேசியிருக்கோம்! போன பணம் போனதுதான், அதை வெச்சு அடுத்த முடிவை எடுக்கக் கூடாதுன்னு. நஷ்டத்தில் இருக்கிற ஷேரை விக்க மனசு வராதவங்களுக்கு நான் எவ்வளவு அட்வைஸ் பண்ணியிருப்பேன்! அதே ஆள் மலை விளிம்பில் நின்னு, '41,000 ரூபாய்க்கு ஏதாவது கிடைக்கணுமே'ன்னு கணக்குப் போட்டுட்டு இருந்தேன். கார்த்தி வாய்விட்டுச் சொன்னான், நான் சொல்லலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டு வருஷம் கழிச்சு, போன பிப்ரவரியில் அதே நாலு பேர் மறுபடி போனோம். காலை 7.50-க்கு அதே விளிம்பு. கடல் வரைக்கும் தெரிஞ்சதுன்னு பொய் சொல்ல மாட்டேன், அடிவானத்தில் ஒரு மங்கல் இருந்தது. ஆனா கீழே தோட்டம், வளைஞ்சு போற ரோடு, தகரக் கூரைகள் எல்லாம் உள்ளங்கையில் வெச்ச மாதிரி தெரிஞ்சது. செலவும் முதல் தடவையைவிடக் குறைவு. என்ன மாத்தினோம்னு சொல்றேன்.

இது என்ன மாதிரி நடை?

சுமார் 9.5 கிலோமீட்டர் வட்டப் பாதை. ஃபார் இன் என்ற இடத்தில் தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் அருவின்னு சுத்தி மறுபடி ஃபார் இன்னுக்கே வந்துடுவோம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்திருக்கீங்களா? தூரத்தில் அதைவிடக் குறைவுதான். ஆனா கிரிவலம் தார் ரோடு. இது கல்லும் வேரும் சேறும் கலந்த மண் பாதை, ஏத்தமும் இறக்கமும் மாறி மாறி வரும். அதோட கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், அதாவது கிட்டத்தட்ட ஊட்டி உயரம். மூச்சு கொஞ்சம் சீக்கிரமே வாங்கும். நின்னு பார்த்து, போட்டோ எடுத்து நடந்தா நாலு மணி நேரம் ஆகும்.

ஊட்டி, அவலாஞ்சி பக்கம் போனவங்களுக்கு அந்த நிலமே பழகின மாதிரி இருக்கும். விரிஞ்ச புல்வெளி, மடிப்புகளில் குட்டை மரக்காடு, நடுநடுவே சிவப்புப் பூ பூக்கும் ரோடோடென்ட்ரான் மரங்கள். நீலகிரியில் இருக்கும் மரத்தோட அதே இனம்தான். மகாவலி, களனி, வளவை மூணு ஆறுகளுக்கும் இந்தப் பகுதியிலிருந்து தண்ணி போகுது. 1988-ல் தேசியப் பூங்காவாக அறிவிச்சாங்க. 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி.

முக்கியமான விஷயம் பனிமூட்டம். உலக முடிவு தெற்குப் பக்கம் பார்த்த செங்குத்துச் சரிவு. வெயில் ஏற ஏற, கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் ஈரக் காற்று சூடாகி, அந்தச் சுவரோட ஒட்டி மேலே வரும். மேலே குளிர், அதனால் அப்படியே மேகமாகிடும். பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் காட்சி மூடிடும். அப்புறம் நீங்க சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாலும் உத்தரவாதம் இல்லை. இந்த ஒரு தகவல் எங்க முதல் டூர் அட்டவணையில் இல்லை. கேட்கணும்னு எங்களுக்கும் தோணலை.

கணக்கைப் பின்னாடி இருந்து போடுங்க

பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்கு 2038-ல் இவ்வளவு வேணும்னா, இன்னைக்கு எஸ்ஐபி எவ்வளவுன்னு பின்னாடியிருந்துதானே வருவோம்? இங்கேயும் அதேதான். இலக்கு: காலை 8 மணிக்கு முன்னாடி உலக முடிவில் நிக்கணும்.

ஃபார் இன்னிலிருந்து அங்கே சுமார் 4 கிலோமீட்டர். பாதை பழகாதவங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அப்போ 6.20-க்கு நடக்கத் தொடங்கணும். பூங்கா திறப்பது காலை 6 மணிக்கு. டிக்கெட் வாங்குற இடத்துக்கும் ஃபார் இன்னுக்கும் நடுவில் இன்னும் சில கிலோமீட்டர் வண்டிப் பயணம் இருக்கு. அதனால கேட் திறக்கும்போது வரிசையில் முன்னாடி நிக்கணும், அதாவது 5.40. நுவரெலியாவிலிருந்து பூங்கா 32 கிலோமீட்டர், மலை ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக 4.20-க்கு வண்டியில் ஏறணும், 3.45-க்கு எந்திரிக்கணும்.

இப்போ எங்க முதல் ட்ரிப்பைப் பாருங்க. சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து கொழும்பு, ஃப்ளைட் ஒன்றரை மணி நேரம்தான். விமான நிலையத்திலிருந்து ரோட்டில் நுவரெலியா வர அஞ்சாறு மணி நேரம், நடுவில் நாலு இடத்தில் நிறுத்தி ராத்திரி 11.30-க்கு ரூமுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமையே நடை, திங்கட்கிழமை ஊருக்கு. ஒரே ஒரு நாள் லீவில் முடிச்சுட்டோம்னு பெருமை வேற. ராத்திரி 11.30-க்கு வந்தவன் 3.45-க்கு எந்திரிப்பானா? 7.30-க்கு வேன், ஒன்பதுக்கு பூங்கா. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கேட்ல நீள வரிசை. போதாக்குறைக்கு, பாதை பிரியும் இடத்தில் கூட்டம் போன பக்கமே போய் பேக்கர் அருவியை முதலில் பார்த்துட்டு, உலக முடிவை ரெண்டாவதா வெச்சோம்.

மிச்சம் பண்ணினது ஒரு நாள் லீவு. ரெண்டாவது தடவை ரெண்டு நாள் லீவு போட்டோம். சனிக்கிழமை பயணம், ஞாயிறு நுவரெலியாவில் ஓய்வு, சாயங்காலம் சும்மா ஏரியைச் சுத்தி நடை, ராத்திரி எட்டரைக்குத் தூக்கம். திங்கட்கிழமை மலை, செவ்வாய் ஊருக்கு. வேலை நாள்ங்கிறதால கூட்டம் பாதிகூட இல்லை.

பொங்கல் லீவு இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன வழி. தைப்பொங்கல் இலங்கையிலும் பொது விடுமுறை, அன்னைக்குப் போகாதீங்க. ஆனா திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளும் நமக்கு மட்டும்தான் விடுமுறை. வாரக் கடைசியில் வராம இருந்தா, அங்கே அது சாதாரண வேலை நாள். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும்தான் அங்கே வானம் பெரும்பாலும் தெளிவா இருக்கும், இந்தச் சீசனில் பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது. பௌர்ணமி நாட்கள் அங்கே போயா விடுமுறை, அதையும் காலண்டரில் பார்த்துக்கோங்க. ஏப்ரல் புத்தாண்டு சமயம் நுவரெலியாவில் சீசன், ரூம் வாடகை எகிறிடும்.

பணம் எங்கே போகுது?

இந்த ட்ரிப்பில் பெரிய செலவுகள் ரெண்டு வகை. தலைக்கு இவ்வளவுன்னு வர்றது: ஃப்ளைட், நுழைவுக் கட்டணம். எத்தனை பேர் போனாலும் ஒரே தொகை: வேன், ரூம். இந்த ரெண்டாவது வகையைத்தான் குழுவா போய்க் குறைக்க முடியும். ஒரு கணக்குக்கு, நுவரெலியாவிலிருந்து பூங்காவுக்குப் போய்வர வேன் 8,000 இலங்கை ரூபாய்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேர்னா ஆளுக்கு 4,000. நாலு பேர்னா 2,000. நாலு பேருக்கு மேல போனா மிச்சம் இன்னும் கூடும், ஆனா ஆறு பேரை 3.45-க்கு எழுப்பிப் பாருங்க, அப்போ தெரியும். என் கருத்தில் நாலுதான் சரியான எண்ணிக்கை. ஒருத்தருக்குக் கால் பிசகினா ஒருத்தர் கூட இருக்கலாம், ரெண்டு பேர் போய் உதவி கூப்பிடலாம்.

வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் டாலரில். உள்ளூர்க்காரங்க கட்டுறதைவிடப் பல மடங்கு. 'தலைக்கு இவ்வளவு டாலர்'னு போட்டிருக்கிற தொகையோட கணக்கு முடியாது. குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வண்டிக்கு ஒரு கட்டணம், எல்லாத்துக்கும் மேல வாட் வரி. டூர் பேக்கேஜ் எடுக்கிறவங்க, 'பூங்கா கட்டணம் இதில் அடக்கமா?'ன்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க. எங்க முதல் ட்ரிப்பில் அது அடக்கம் இல்லைங்கிறது கேட்ல நின்னப்போதான் தெரிஞ்சது.

பேக்கேஜ்னு சொன்னதும் இன்னொரு விஷயம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறிட்டே இருக்கு. அது கூடுதல் செலவு இல்லை, உங்க பான் நம்பரில் வரவாகும் முன்வரி. ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், இல்லேன்னா ரீஃபண்ட் வாங்கலாம். 26ஏஎஸ்-ல ஏறியிருக்கான்னு மட்டும் பாருங்க. டிக்கெட், ரூம் தனித்தனியா நாமே புக் பண்ணினா இந்தப் பேச்சே இல்லை. ரெண்டாவது தடவை அப்படித்தான் பண்ணினோம். அதோட, ஆபீஸில் எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமேன்னு யாராவது யோசிச்சா, அந்த வரிவிலக்கு இந்தியாவுக்குள் நடக்கும் பயணத்துக்கு மட்டும்தான்.

கார்டு தேய்க்கும்போது மெஷினில் 'இந்திய ரூபாயிலா, இலங்கை ரூபாயிலா?'ன்னு கேட்டா, கண்ணை மூடிட்டு இலங்கை ரூபாயை அழுத்துங்க. நம்ம ரூபாயைத் தேர்ந்தெடுத்தா அந்த மெஷின்காரர் வைக்கிறதுதான் எக்ஸ்சேஞ்ச் ரேட். உங்க கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனை மார்க்கப் எவ்வளவுன்னு கிளம்பும் முன்னாடி பாருங்க. நிறைய கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் சில கடைகளில் நம்ம யுபிஐ வேலை செய்யுது. ஆனா காலை அஞ்சரை மணிக்கு மலை மேல போய் அதை நம்பாதீங்க, கையில் காசு வெச்சுக்கோங்க. இடிஏ அனுமதிக்கு அரசோட சொந்தத் தளத்திலேயே விண்ணப்பிங்க. அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் ஏஜென்ட் தளங்கள் கூடக் காசு பிடுங்கும்.

கொழும்பு கோட்டையிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போறது செலவு குறைவு, காட்சியும் பிரமாதம். முன்பதிவு சீக்கிரம் முடிஞ்சுடும். மழையில் மண்சரிவு வந்தா அந்தப் பாதை நின்னுடும், 2025 நவம்பர் டிட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பலமா அடி வாங்கியது. அதனால பிளான் போடும் வாரத்தில் ஓடுதான்னு உறுதி பண்ணிட்டு டிக்கெட்டைப் பாருங்க.

ஷூ, ஸ்வெட்டர், இன்சூரன்ஸ்

முதல் தடவை போகும் முன்னாடி கார்த்தி ட்ரெக்கிங் பூட்ஸ், பேக், குச்சின்னு 14,000 ரூபாய்க்கு வாங்கினான். அதுக்கப்புறம் அந்த பூட்ஸை ரெண்டே தடவைதான் போட்டிருக்கான். நான் பழைய ரன்னிங் ஷூவில் போனேன், சேத்துல ரெண்டு தடவை வழுக்கினேன். ரெண்டும் தப்பு. அடியில் நல்ல பிடிப்பு இருக்கிற, ஏற்கெனவே ரெண்டு மூணு வாரம் போட்டுப் பழகின ஷூ போதும். புது ஷூவை மலையில் முதல் தடவை போடுறது மட்டும் வேண்டாம், குதிகாலில் கொப்புளம் வந்தா 9.5 கிலோமீட்டர் ரொம்ப நீளம். குச்சி, பேக் எல்லாம் யார்கிட்டயாவது கேட்டு வாங்குங்க. வருஷத்துக்கு மூணு தடவை போற பழக்கம் வந்த பிறகு வாங்கிக்கலாம்.

காலை ஆறு மணிக்கு நல்ல குளிர். ஜனவரி, பிப்ரவரியில் சில நாள் புல்லில் உறைபனியே இருக்கும். பத்து மணிக்கு வெயில் சுள்ளுன்னு அடிக்கும். தடியா ஒரு ஜாக்கெட்டுக்குப் பதிலா, டீஷர்ட், ஸ்வெட்டர், மழைக்கும் காத்துக்கும் ஒரு விண்ட்சீட்டர்னு அடுக்கா போடுங்க.

நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பாங்க. பாலிதீன் கவர், பிஸ்கட் பாக்கெட் உறை எல்லாம் வாங்கி வெச்சுடுவாங்க, தண்ணி பாட்டிலில் ஒட்டியிருக்கிற லேபிளைக் கூடக் கிழிச்சுடுவாங்க. கடுப்பாகாதீங்க. அங்கே இருக்கும் கடமான்கள் பிளாஸ்டிக்கைத் தின்னு செத்திருக்கு, அதனாலதான் இந்தக் கெடுபிடி. டிஃபன் பாக்ஸில் சாப்பாடு, ஸ்டீல் பாட்டிலில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி. பாதையில் கடை கிடையாது, கழிப்பறையும் கிடையாது, ரெண்டும் தொடக்கத்தில் மட்டும்தான்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஆபீஸ் குரூப் ஹெல்த் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தான். நாலு நாள் ட்ரிப்புக்கு டிராவல் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு வாரக் கடைசி பிரியாணிச் செலவுதான் வரும். வாங்கும்போது 'ட்ரெக்கிங்' என்ற சொல் விலக்குப் பட்டியலில் இருக்கா, இருந்தா எந்த உயரத்துக்கு மேலன்னு படிங்க. இது கயிறு கட்டி ஏறும் மலையேற்றம் இல்லை, குறிச்ச பாதையில் நடை. ஆனா சந்தேகம் இருந்தா கம்பெனிகிட்ட மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

உடம்புக்குத் தயாரிப்பு பத்திச் சுருக்கமா: நாள் முழுக்க சேரில் உட்கார்ந்திருக்கிற நமக்கு ஆறு வாரம் போதும். வாரத்துக்கு மூணு நாள் ஆபீஸ் லிஃப்ட்டை மறந்துட்டு படி ஏறுங்க, ஞாயிற்றுக்கிழமை எட்டு கிலோமீட்டர் நடங்க. ஏறுறதைவிட இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும், அதனால படி இறங்கியும் பழகுங்க.

அன்னைக்குக் காலையில்

நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுறவங்க அதிகம். வேன் ஓட்டின அண்ணனும் மலையகத் தமிழர்தான். முந்தின நாள் சாயங்காலமே எங்களைப் பார்க்க வந்தார். "தம்பி, நாலு இருபதுக்கு நான் கீழ நிப்பேன். நாலரைக்கு நீங்க வந்தா, காட்சி போறதுக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது"ன்னார். அவரை அப்பவே பிடிச்சுப் போச்சு. வேன் புக் பண்ணும்போது வாடகையைப் பேசுறதுக்கு முன்னாடி, 'கேட்டுக்கு எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விடுவீங்க?'ன்னு கேளுங்க. சரியான ஆள்னா பதிலிலேயே தெரிஞ்சுடும்.

ஃபார் இன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை ரெண்டாப் பிரியும். இந்தத் தடவை சின்ன உலக முடிவுப் பக்கம் திரும்பினோம். குட்டை மரக்காடு, பாசி பிடிச்ச கிளைகள், ஈரக் கல். டார்ச் வேணாம், ஆனா காலைப் பார்த்துத்தான் நடக்கணும். சின்ன உலக முடிவில் பத்து நிமிஷம் நின்னோம். பலர் அங்கேயே அரை மணி நேரம் போட்டோ எடுத்துட்டு பெரிய விளிம்பைக் கோட்டை விடுறாங்க.

கிளம்பும் முன்னாடி நாங்க நாலு பேரும் வாட்ஸ்ஆப் குரூப்பில் மூணு விதி எழுதி, 'சரி'ன்னு பதில் போட்டிருந்தோம். ஸ்டாப் லாஸ் மாதிரி, சூடு ஏறுறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கிறது. ஒண்ணு, விளிம்பிலிருந்து ரெண்டு ஆள் நீளம் தள்ளித்தான் நிக்கணும், பாதையோரம் முழுக்கத் தடுப்பு கிடையாது. பனி மூடியிருந்தா இன்னும் தள்ளி. ரெண்டு, காட்சி இல்லேன்னா 20 நிமிஷம் காத்திருப்போம், அப்புறம் யாரும் எதுவும் கேட்காம நடையைக் கட்டுவோம். மூணு, யாருக்காவது முட்டியோ மூச்சோ தொல்லை கொடுத்தா சின்ன உலக முடிவுக்குள் சொல்லிடணும்.

மூணாவது விதி ஏன்னா, வட்டப் பாதையில் ஒரு சிக்கல் இருக்கு. போய் வந்த வழியே திரும்பும் பாதையில் எங்கே திரும்பினாலும் மிச்ச தூரம் குறையும். வட்டத்தில் பாதியைத் தாண்டிட்டா முன்னாடி போறதும் பின்னாடி வர்றதும் ஒண்ணுதான். உலக முடிவு கிட்டத்தட்ட அந்தப் பாதிக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கு. அதுக்கு மேல வலியோட நடந்தா முழுச் சுத்தையும் முடிச்சே ஆகணும். நடுவில் வண்டி கூப்பிட முடியாது, போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். சின்ன உலக முடிவு வரைக்கும் வந்து திரும்பினாலே ஒரு நல்ல காலை நடை ஆச்சு.

எங்க குழுவில் அது நடக்கவும் செஞ்சது. போன தடவை பை வாரைப் பிடிச்சு இழுத்தவனுக்கு சின்ன உலக முடிவிலேயே இடது முட்டி பிடிச்சுக்கிச்சு. "பரவாயில்லடா, இவ்ளோ தூரம் வந்தாச்சு"ன்னான். கார்த்தி போனை எடுத்து விதியைக் காட்டினான். ரெண்டு பேரும் திரும்பினாங்க. கார்த்தி, ஆமா, அதே கார்த்தி, ரெண்டாவது தடவையும் அந்தக் காட்சியைப் பார்க்கலை.

நானும் இன்னொருத்தனும் உலக முடிவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 8.20 வாக்கில் கீழே பள்ளத்தில் முதல் துண்டு மேகம் உருவாகிறதைக் கண்ணாலேயே பார்த்தோம். அப்புறம் பேக்கர் அருவி. இருபது மீட்டர்தான் உயரம், ஆனா அகலமா விரிஞ்சு விழும். அதைக் கிட்டத்தில் பார்க்கச் செங்குத்தா இறங்கி ஏறணும், இந்த நடையிலேயே முட்டிக்குக் கஷ்டமான இடம் அதுதான். குளிக்கத் தடை, சில பேர் அங்கே மூழ்கி இறந்திருக்காங்க. அதுக்கப்புறம் புல்வெளி வழியா ஃபார் இன். மணி 10.30.

கார்த்தியும் மத்தவனும் கேன்டீன் வாசலில் பிளெயின் டீ குடிச்சுட்டிருந்தாங்க. பத்தடி தள்ளி ஒரு கடமான் புல் மேஞ்சுட்டு இருந்தது. போட்டோ எல்லாத்தையும் வாங்கி ஒண்ணொண்ணாப் பார்த்த கார்த்தி, "பரவாயில்ல, அடுத்த பிப்ரவரிக்கு மாசம் 3,000 தனியா எடுத்து வெக்கிறேன்"னு சொல்லிட்டு, அங்கேயே ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட சிக்னல் தேடினான். கிடைக்கலை.

நாங்க வேனில் ஏறும்போது பக்கத்தில் ஒரு டூர் பஸ் வந்து நின்னது. கண்ணைக் கசக்கிட்டு இறங்கின ஒரு பையன், தமிழ்ல பேசுறோம்னு தெரிஞ்சதும், "அண்ணா, வியூ எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், வெள்ளையா ஏறிட்டு இருந்தது. "அருவியை நல்லாப் பாரு தம்பி. விளிம்புல மூடியிருந்தா போட்டோ வேணாம், தள்ளி நில்லு"ன்னு மட்டும் சொன்னேன்.

எங்க நாலு நாள் செலவுக் கணக்கு ஷீட்டும், காலை நேர அட்டவணையும் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். காப்பி எடுத்து உங்க தொகையைப் போட்டுக்கோங்க. நுழைவுக் கட்டணக் கட்டத்தை மட்டும் வேணும்னே காலியா விட்டிருக்கேன், அது மாறிட்டே இருக்கும். போற மாசத்தில் பார்த்து நிரப்புங்க.